கண்ணுக்குள்ளே ஒரு நுங்கு

வெசாக் நாட்களில் வெள்ளவத்தையில் இரவு என்பதே கிடையாது. எங்கள் ஒழுங்கையில் எதிர்வீட்டு மதில் நெடுகச் சின்னச் சின்ன பல்புகள் அணைந்து அணைந்து எரியும். அந்த வெளிச்சம் பல்கனி வழியாக வந்து படுக்கையறைச் சுவரில் ஆடும். அதனால்தான் இடது கண்ணின் வெளியோரத்தில் மின்னல் கீற்றுப் போல ஒன்று பளிச்சிட்டபோது நான் பொருட்படுத்தவில்லை. திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுத்தேன். அறை கும்மிருட்டு. கண்ணை இடப்பக்கம் திருப்பினேன், அதே வளைந்த கீற்று மறுபடியும் வந்தது. பல்புகள் எல்லாம் திரைச்சீலைக்கு அப்பால் இருக்கின்றன, இது எங்கேயிருந்து?

அடுத்த நாள் காலை பல் விளக்கும்போது வெள்ளை பேசினில் ஒரு தலைமயிர் வளையமாகச் சுருண்டு கிடந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டேன், போகவில்லை. குனிந்தேன், அதுவும் கூடவே குனிந்தது. கண்ணை வெட்டிப் பார்த்தேன். அது ஒரு கணம் பிந்தி, ஆடி அசைந்து வந்து சேர்ந்தது.

விடுமுறை நாள். திறந்திருந்த ஓர் இடத்தில் காட்டினேன். டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கண் களைப்பு, போன் பார்க்கிறதைக் குறையுங்கோ" என்று சொட்டு மருந்து தந்தார்கள். மூன்று நாள் ஒழுங்காக விட்டேன். அந்த மூன்று நாளும் நான் எதன் விளிம்பில் நடமாடிக்கொண்டிருந்தேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இத்தனைக்கும் எனக்கு வந்தது ஒன்றும் அபூர்வ வியாதியல்ல. விழிக்குள் நிறைந்திருக்கும் ஜெலி, பின்னால் வெளிச்சத்தை உணரும் விழித்திரையை விட்டுக் கழல்வதுதான் அது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பரவலாகவும், எண்பதை எட்டுவதற்குள் பெரும்பாலானவர்களுக்கும் நடக்கிற விஷயம். நரை மாதிரி, வெள்ளெழுத்து மாதிரி இதற்கு ஊரில் ஒரு பெயர் இல்லாததால்தான் நமக்குத் தெரியாமல் இருக்கிறது.

கண்ணை ஒரு நுங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே தோல், உள்ளே வழுவழுவென்று தெளிந்த சதை. விழியின் உட்பகுதியில் ஐந்தில் நான்கு பங்கை இப்படி ஒரு ஜெலிதான் நிரப்பியிருக்கிறது. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் கண்ணாடியுடனீர் என்று படித்தோமே, அதுதான். ஆஸ்பத்திரியில் விட்ரியஸ் என்பார்கள். அளவு சுமார் 4 மில்லிலீற்றர், பிள்ளைகளுக்குப் பாணி மருந்து கொடுக்கிற கரண்டி நிறையாது. ஆனால் நுங்கு முற்ற முற்ற இறுகும், கண்ணின் ஜெலி முற்ற முற்ற இளகும். உடனீர் என்ற பெயர் சின்ன வயதில் பொருந்தாது. போகப் போகத்தான் பொருந்துகிறது.

அந்த ஜெலியில் 98 முதல் 99 சதவீதம் வரை தண்ணீர். எஞ்சிய கொஞ்சத்தில்தான் சூட்சுமம் முழுவதும். மெல்லிய கொலாஜன் நார்கள் வலை போலப் பரந்திருக்கும். தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்திருக்கும் ஹையலுரோனிக் அமிலம் அந்த நார்களுக்கிடையே நின்று, ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளி வைத்திருக்கும். நார்கள் விலகி நிற்கும்வரை வெளிச்சம் தடையின்றி உள்ளே போகும். முழங்கால் குருத்தெலும்பில் இருக்கும் அதே வகைக் கொலாஜன்தான் இங்கேயும். மூட்டுத் தேய்வைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற நாம், அதன் உறவுக்காரன் கண்ணுக்குள்ளும் தேய்கிறான் என்பதை நினைப்பதில்லை. இந்த நார்கள் இளமையில் உருவாகி முடிந்துவிடுபவை. பிறகு புதிதாகப் பெரிதாக எதுவும் சேர்வதில்லை, இருப்பதை வைத்துத்தான் வாழ்நாள் முழுக்க ஓட்ட வேண்டும்.

வயது ஏற ஏற நாரும் நீரும் உறவை முறித்துக்கொள்கின்றன. நார்கள் கூடிக் கட்டியாகின்றன, விடுபட்ட தண்ணீர் தனிக் குட்டையாகத் தேங்குகிறது. இது நாற்பதில் தொடங்கும் வேலையல்ல. பதின்ம வயது முடிவதற்குள்ளேயே ஜெலியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இளகியிருக்கும். எண்பதுகளில் பாதிக்கு மேல் தண்ணீர். கூடிய நார்களின் நிழல் விழித்திரையில் விழுவதைத்தான் பூச்சி பறக்கிறது, நூல் மிதக்கிறது, தூசி போகவே மாட்டேன் என்கிறது என்றெல்லாம் சொல்கிறோம். பின்னேரம் மரைன் டிரைவில் நின்று கடலுக்கு மேலே வெறும் வானத்தைப் பாருங்கள், எல்லாப் பூச்சியும் அங்கே தெரியும். பின்னணி ஒரே வெளிச்சமாக இருப்பதும், கூசி கண்மணி சுருங்குவதால் நிழல் கூர்மையாவதும் காரணம். கோல்ஃபேஸ் கூட்டத்தில் நடக்கும்போது அதே பூச்சிகள் தெரியாது.

பூச்சி மட்டும் என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. விஷயம் ஜெலியின் ஓரத்தில் இருக்கிறது. ஜெலியின் வெளித்தோல் விழித்திரையின் உட்பரப்போடு ஒட்டியிருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே பலத்தோடு அல்ல. விழித்திரையின் முன்னோரத்தைச் சுற்றியுள்ள வளையத்தில் பிடி மிகப் பலமானது, அது வாழ்நாள் முழுக்க விடாது. பார்வை நரம்பு புறப்படும் இடத்தைச் சுற்றியும், எழுத்து வாசிக்க உதவும் மஞ்சட்புள்ளியிலும், பெரிய இரத்தக் குழாய்களின் நெடுகிலும் நடுத்தரமான பிடி. மற்ற இடங்களில் சும்மா படிந்திருக்கும். இவை எல்லாவற்றையும் ஒட்டி வைத்திருக்கும் புரதப் பசையும் வயதோடு பலவீனமாகிறது.

ஆக இரண்டு வேலைகள் ஒரே காலத்தில் நடக்கின்றன. உள்ளே ஜெலி இளகுகிறது, ஓரத்தில் பசை விடுகிறது. இரண்டும் சமமாக நடந்தால் ஜெலி மெதுவாகச் சுருங்கி, பின்பக்கத்திலிருந்து சுத்தமாகக் கழன்று முன்னே வந்துவிடும். ஜெலி முந்திக்கொண்டு இளகிப் பசை இன்னும் விடாமல் இருந்தால் வில்லங்கம். தேர்தல் முடிந்து போஸ்டர் கிழிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மழையில் பசை ஊறியிருந்தால் தாள் முழுசாகக் கையோடு வரும். காய்ந்த மதிலில் இழுத்தால் சுண்ணாம்பையும் பெயர்த்துக்கொண்டு வரும். விழித்திரையில் முதுமை செய்யும் சேதங்கள் பலவற்றுக்கும் இந்த மதில்தான் விளக்கம். எந்த இடத்தில் பசை விடவில்லை என்பதைப் பொறுத்து நோயின் பெயர் மாறும், அவ்வளவுதான்.

கழல்வது திடீரென்று நடப்பதுபோல் நமக்குத் தோன்றும். விழித்திரையின் அடுக்குகளை வெளிச்சத்தால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் வந்த பிறகுதான் அது வருடக்கணக்கில் நடக்கும் வேலை என்பது தெளிவானது. மஞ்சட்புள்ளியைச் சுற்றி மயிரிழை அளவு இடைவெளியாகத் தொடங்கி, சத்தமில்லாமல் பரவி, கடைசியாகப் பார்வை நரம்பின் விளிம்பிலிருந்து விடுபடுகிறது. நாம் உணர்வது அந்தக் கடைசி நாளைத்தான். நரம்பைச் சுற்றி வட்டமாக ஒட்டியிருந்த பகுதி வட்டமாகவே பிய்ந்து வந்து மிதக்கும். பேசினில் நான் கழுவ முயன்ற தலைமயிர் அதுதான்.

மின்னல் எதற்கு? விழித்திரைக்கு வலி தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே பாஷை வெளிச்சம். இழுத்தாலும் இடித்தாலும் மூளைக்கு அது அனுப்புவது வெளிச்சம் என்ற செய்தியைத்தான். பாதி கழன்ற ஜெலி, கண் அசையும்போதெல்லாம் முன்னோரப் பிடியில் தொங்கி இழுக்க, வெளியோரத்தில் கீற்று அடிக்கிறது. ஒற்றைத் தலைவலிக்கு முன்னர் வரும் வெளிச்சம் வேறு. அது பல்பல்லாக வளைந்து, மெல்லப் பெரிதாகி, இருபது முப்பது நிமிடத்தில் ஓய்ந்துவிடும். ஒரு கண்ணை மூடினாலும் மற்றக் கண்ணில் தெரியும். ஜெலி இழுக்கும் கீற்று ஒரு கண்ணில் மட்டும், ஒரு நொடிதான்.

நாலாம் நாள் விழித்திரை டொக்டரிடம் போனேன். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை விட்டார்கள். அரை மணித்தியாலத்தில் கையிலிருந்த துண்டின் எழுத்து கரைந்துபோனது. (இந்த மருந்து விட்டால் நாலைந்து மணித்தியாலத்துக்கு வாகனம் ஓட்ட முடியாது, காலி வீதி வெயில் ஊசி மாதிரி குத்தும். கூட ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது, இல்லையென்றால் திரீவீலர்தான்.) பிறகு படுக்கச் சொன்னார்கள். டொக்டர் நெற்றியில் விளக்குக் கட்டி, ஒரு வில்லையை என் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, சின்னக் குண்டுத் தலையுள்ள உலோகக் குச்சியால் இமைக்கு மேலாக விழியை அழுத்தினார். "மேல பாருங்கோ, இடப்பக்கம் மேல. கண்ணை இறுக்காதேங்கோ" என்று தாதி சொல்லிக்கொண்டே இருந்தார். அழுத்துவது எதற்கென்றால், விழித்திரையின் முன்னோரம் நேரே பார்த்தால் தெரியாது. வெளியிலிருந்து அமுக்கி உள்ளே தள்ளினால்தான் பார்வைக்குள் வரும். ஜெலி இழுத்து விழித்திரை கிழிந்திருந்தால், அந்தக் கிழிசல் இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். டோர்ச் வெளிச்சத்திலோ, மூக்குக்கண்ணாடிக் கடையில் எழுத்து வாசித்துப் பார்ப்பதிலோ அது ஒருபோதும் அகப்படாது. நடுப்பார்வை அப்போது அட்சர சுத்தமாக இருக்கும். எனக்கும் கடைசி வரி வரை தெரிந்தது.

மேல் வெளிப்பக்கத்தில், குதிரை லாட வடிவில் ஒரு சின்னக் கிழிசல். அது அடிக்கடி காணப்படும் இடமும் அதுதான், வடிவமும் அதுதான். ஜெலி இழுக்க, விழித்திரை ஒரு மூடி போலக் கிழிந்து எழுந்து நிற்கிறது. இப்படித் திடீர் அறிகுறிகளோடு வருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கிழிசல் இருக்கும். மின்னலோடு சேர்ந்து புகைக்கரி கொட்டியது போலவோ மிளகுத்தூள் தூவியது போலவோ தெரிந்தால், ஓர் இரத்தக் குழாயும் அறுந்திருக்கிறது என்று பொருள். அப்படி இரத்தம் கசிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கிழிசல் காணப்படுகிறது. பத்துப் பேரில் மீதி ஒன்பது பேருக்கு ஒன்றுமே இல்லை, வீட்டுக்குப் போகலாம். சிக்கல் என்னவென்றால், நான் அந்த ஒன்பது பேரில் ஒருவனா பத்தாவது ஆளா என்பது எனக்கு உள்ளேயிருந்து தெரியவே தெரியாது. மின்னலும் பூச்சியும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். இதை யாராவது அந்த மூன்று நாளைக்கு முன்னர் சொல்லியிருந்தால் போதும்.

கிழிசல் மட்டும் பார்வையைப் பறிப்பதில்லை. இளகிய ஜெலியின் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக விழித்திரையின் பின்னால் புகுவதுதான் பறிக்கிறது. விழித்திரையின் பின்னடுக்கு ஒரு பம்பு போல நீரை உறிஞ்சி வெளியேற்றி, விழித்திரையைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறது. வரும் தண்ணீர் பம்பு இறைப்பதைவிட அதிகமானால் விழித்திரை சுவரிலிருந்து எழும்பத் தொடங்கும். ஒளியை உணரும் கலங்களுக்குச் சாப்பாடு பின்னாலுள்ள இரத்தக் குழாய்ப் படலத்திலிருந்துதான் வருகிறது. விலகிய கலங்கள் பட்டினி கிடந்து சாகும். அந்த நேரத்தில் நமக்குத் தெரிவது ஒரு கறுப்புத் திரை. கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால், மேற்பக்கம் கழன்றால் நிழல் கீழேயிருந்து ஏறும், கீழ்ப்பக்கம் கழன்றால் மேலேயிருந்து இறங்கும். திரை மஞ்சட்புள்ளியைத் தொடுவதற்கு முன் ஒட்டிவிட்டால் வாசிக்கும் பார்வை தப்பும். தொட்ட பிறகு ஒட்டினால், ஒட்டலாம், ஆனால் பழையபடி வருமென்று யாரும் வாக்குக் கொடுக்கமாட்டார்கள். இது வருடத்துக்கு ஏறக்குறைய பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வருவது. எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் விழித்திரைக்கு மாற்று கிடையாது. ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய இலங்கை கண் தான சங்கம் உலகத்துக்கெல்லாம் கண் அனுப்பியதில் நமக்குப் பெருமை உண்டு. அப்படிப் போனவற்றில் இன்னொருவருக்குப் பார்வை தருவது முன்னாலுள்ள கருவிழிப் படலம் மட்டுமே. விழித்திரையை எடுத்து இன்னொருவருக்கு வைக்கும் வழி இன்றுவரை இல்லை.

எனக்கு அன்றைக்கே லேசர் அடித்தார்கள். கிழிசலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசையாகச் சூட்டுப் புள்ளிகள் வைப்பது. பச்சை வெளிச்சம், கொஞ்சம் குத்தும், பத்துப் பதினைந்து நிமிடம். லேசர் கிழிசலைத் தைப்பதில்லை, சுற்றி வேலி போடுகிறது. தழும்பு உறைந்து வேலி பலமாக இரண்டு கிழமை செல்லும். பூச்சியும் போகாது, வளையமும் போகாது. லேசருக்குப் பிறகும் பூச்சி பறக்கிறதே என்று சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தாதி சிரித்தார்.

இந்த வேலி யோசனை வந்து நூறு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்னர் விழித்திரை கழன்றவர்களை இரண்டு கண்ணையும் கட்டி மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள், பெரும்பாலும் வீணாக. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனான் என்ற டொக்டர்தான், கிழிசலைத் தேடிக் கண்டுபிடித்து அதை மூடினால் விழித்திரை ஒட்டும் என்று 1920களில் செய்து காட்டினார். ஜெலியில் கை வைப்பது அதற்குப் பிறகும் ஐம்பது வருடம் பாவமாகவே கருதப்பட்டது. 1970 வாக்கில் அமெரிக்காவின் மயாமியில் ராபர்ட் மகெமர் ஒரு மெல்லிய வெட்டும் கருவியைக் கோழி முட்டையின் வெள்ளைக்கருவில் சோதித்துப் பார்த்து, பிறகு மனிதக் கண்ணில் ஜெலியை வெட்டி உறிஞ்சி எடுக்கும் சத்திரசிகிச்சையைத் தொடங்கினார். ஜெலி இல்லாமலும் கண் பார்க்கிறது. அந்த இடத்தை உடம்பு நீரால் நிரப்பிக்கொள்கிறது. அப்படியானால் ஜெலி வெறும் அடைப்பா என்று கேட்டால், இல்லை. ஜெலியை எடுத்த ஐம்பது வயதுக்காரர்களுக்கு ஓரிரு வருடத்தில் கண்புரை வந்துவிடுகிறது. பின்னாலிருந்து வரும் ஒட்சிசன் கண்ணின் வில்லையை எட்டாமல் ஜெலி தடுத்துக்கொண்டிருந்தது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

கழன்ற விழித்திரையை ஒட்ட, ஜெலியை எடுத்துவிட்டு உள்ளே வாயுக் குமிழ் விடுவதுண்டு. குமிழ் மேலே மிதந்து கிழிசலை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதால்தான் தலையை இந்தப் பக்கம் வை, குப்புறப் படு என்று சொல்கிறார்கள். வாயு கரையும்வரை விமானம் ஏறக்கூடாது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து குமிழ் வீங்கி, கண்ணின் அழுத்தம் எகிறும். லண்டனிலும் டொரொன்டோவிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் கொழும்பு அம்மாமார் டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். அதைவிட மறந்துபோகிற விஷயம் நுவரெலியா. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், கொழும்பிலிருந்து காரில் அரை நாளில் ஏறிவிடலாம். குமிழுக்கு விமானமா வேனா என்ற பேதம் தெரியாது.

ஜெலி முன்னோரத்தில் இழுக்காமல் நடுவே, மஞ்சட்புள்ளியில் விடாப்பிடியாக நின்றால் கதை வேறு. அங்கே மின்னல் குறைவு, பூச்சி குறைவு. பதிலாக நேர்கோடு வளையும். மெல்லிய மையப் பகுதி இழுபட்டு நடுவில் துளை விழலாம். அறுபதைத் தாண்டிய பெண்களில் இது சற்று அதிகம். அல்லது ஜெலி கழன்று போகும்போது ஒரு மெல்லிய படையை விட்டுப்போக, அது சுருங்கி விழித்திரையைச் சேலை கொசுவுவதுபோல மடிக்கலாம். கொழும்பு மாடிவீடுகளில் ஜன்னலுக்கு ஜன்னல் கிறில் இருக்கிறதே, அதுவே நல்ல பரீட்சைக் கருவி. ஒரு கண்ணைக் கையால் மூடி மற்றக் கண்ணால் கம்பியைப் பாருங்கள், பிறகு மாற்றுங்கள். இரண்டு கண்ணாலும் பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். எத்தனையோ பேர் மாதக்கணக்கில் தெரியாமல் இருப்பது இதனால்தான்.

சீனி வருத்தக்காரரின் கண்ணில் ஜெலிக்கு இன்னொரு வேஷம். இரத்தம் போதாத விழித்திரை புதிய குழாய்களை முளைவிடும். புடலங்கொடிக்குப் பந்தல் மாதிரி, அவற்றுக்கு ஜெலியின் பின்தோல். கொடி பந்தலில் பற்றிய பிறகு ஜெலி சுருங்கினால் கொடியையும் வேரையும் சேர்த்து இழுக்கும். ஒரே இரவில் கண் நிறைய இரத்தம், அல்லது விழித்திரையே கூடாரம் போல எழும்பும். வேடிக்கை என்னவென்றால், ஜெலி முன்பே முழுசாகக் கழன்றுவிட்ட கண்ணில் இந்தக் கொடி படர இடமில்லை. அந்த நோயாளிக்கு முதுமை செய்த உபகாரம் அது.

யாருக்குச் சீக்கிரம் வரும்? என்னைப் போலத் தூரப்பார்வை மங்கி, மைனஸ் கண்ணாடி போடுகிறவர்களுக்கு. விழி நீண்டு விழித்திரை இழுபட்டிருப்பதால் ஜெலி பத்து வருடம் முந்தியே இளகிவிடும். அடிபட்ட கண்ணுக்கும் அப்படித்தான். கண்புரை எடுத்தவர்களுக்கும். தடித்த வில்லை போய் மெல்லிய வில்லை வந்ததும் ஜெலிக்கு முன்னே நகர இடம் கிடைக்கிறது. கட்டராக்ட் செய்தாயிற்று, இனிக் கண்ணுக்குக் கவலையில்லை என்பது வெள்ளவத்தைச் சந்தைக்குள் நான் அடிக்கடி கேட்கும் வசனம். வில்லைக்கு அது சரி. விழித்திரைக்கு அடுத்த சில வருடங்கள்தான் கவனம் தேவைப்படும் வருடங்கள்.

பூச்சிக்கு மருந்து கேட்டு அலைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொன்னாங்காணி சாப்பிடுங்கள், நல்லது, ஆனால் கூடிப்போன கொலாஜன் நாரை அது பிரிக்காது. கண் பயிற்சியும் பிரிக்காது. நாள் போகப் போகப் பூச்சி கீழே இறங்கும், மூளையும் சலித்துப்போய்க் கவனிப்பதை விட்டுவிடும். நான்கைந்து மாதத்தில் எனக்குப் பாதி மறைந்துவிட்டது. புதிதாக மின்னல், புதிதாகக் கொட்டும் பூச்சி, ஓரத்தில் நிழல் என்றால் மட்டும் அன்றைக்கே, அல்லது மறுநாளுக்குள், கண்மணியை விரித்துப் பார்க்கும் இடத்துக்குப் போகவேண்டும். லிப்டன் சந்தியில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் பழைய விக்டோரியா ஞாபகார்த்தக் கட்டடத்தை அறியாதவர் கொழும்பில் இல்லை. அதை அடுத்துத்தான் தேசிய கண் ஆஸ்பத்திரி. அரச ஆஸ்பத்திரி என்பதால் காசு இல்லை. ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினாலும் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் இன்னொரு தடவை காட்டச் சொல்வார்கள். முதல் நாள் இல்லாத கிழிசல் பிந்தி வருவதுண்டு.

ஆறாவது கிழமை காட்டப்போனபோது டொக்டர் வலது கண்ணையும் ஸ்கேன் பண்ணினார். திரையில் சாம்பல் நிறக் கோடுகள். விழித்திரைக்கு மேலே இன்னொரு மெல்லிய கோடு, இரண்டு பக்கமும் எழும்பி, நடுவில் மட்டும் ஒட்டி நின்றது. "இதுவும் தொடங்கீட்டுது, மற்றக் கண் ஓரிரண்டு வருடத்தில் வாறது வழமைதான்" என்றார். வெளியே வந்து, கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரீவீலருக்காக நிற்கும்போது இடது கண்ணை மூடி வானத்தைப் பார்த்தேன். வலது கண்ணில் இரண்டு சின்ன நூல்கள், பழையவைதான். வளையம் இன்னும் வரவில்லை.